வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்க்குச் சங்கிலி வேண்டாம், ஒளிய ஓர் இடம் வேண்டும்

கேட்கப்பட்டது இதுதான்: "காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். எங்கள் நாட்டு நாய்க்கு எட்டு வயது. சின்ன வயதில் எந்தச் சத்தத்துக்கும் பயந்ததில்லை. போன தீபாவளிக்குச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. இப்போது பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். டைல்ஸ் அறுக்கும் சத்தம் கேட்டாலே நடுங்குகிறது. குக்கர் விசிலுக்குக்கூடக் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. பெண் பூனை ஒன்றும் இருக்கிறது, அது ஒரு மாதமாக மெத்தையில் சிறுநீர் கழிக்கிறது. அம்மா நாயைக் கொல்லையில் கட்டிப் போடச் சொல்கிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா? தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்பது உண்மையா? தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது."

தம்பி, ஆறு வாரம் முன்பே கேட்டீர்களே, அதுவே பெரிய சந்தோஷம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் முப்பது வருஷத்துக்கு மேல் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வி எனக்குப் பெரும்பாலும் தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு வரும், தெருவில் வெடி வெடித்துக்கொண்டிருக்கும்போது. அப்போது என்னால் அதிகம் செய்ய முடியாது. ஆறு வாரம் இருந்தால் நிறையவே செய்யலாம்.

அம்மா சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. தயவுசெய்து கட்டிப் போடாதீர்கள். போன வருஷம் மாதிரி ஓடிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் அம்மா சொல்கிறார், அது புரிகிறது. ஆனால் சங்கிலியோடு காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்து, அந்தப் பக்கம் தொங்கிப்போன ஒரு நாயை ஒரு தீபாவளி விடியற்காலையில் நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. உயிர் போகாவிட்டாலும், நகம் பிய்ந்து, பல் உடைந்து, கழுத்துத் தோல் கிழிந்து வந்த நாய்கள் எத்தனையோ. பயம் வந்தால் ஓடு என்று உடம்பு சொல்கிறது, சங்கிலி விடமாட்டேன் என்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், அடுத்த முறை அதைவிடச் சின்னச் சத்தத்துக்கே நாய் பதறும். உங்கள் நாய் இப்போது குக்கர் விசிலுக்குப் பயப்படுவதில் போன தீபாவளிச் சங்கிலிக்கும் பங்கு இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் இல்லை, தேன்கனிக்கோட்டை. தளி, ஜவளகிரி பக்கம் ராகிக் கதிர் முற்றும் காலத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கும். ராத்திரியெல்லாம் பட்டாசு வெடித்துத்தான் விரட்டுவார்கள், அதுவும் ஒருநாள் இரண்டு நாள் இல்லை, வாரக்கணக்கில். காவலுக்குப் போகிறவர்களோடு கூடவே போகும் நாய்கள் பரணுக்கு அடியில் கயிறில்லாமல் படுத்திருக்கும். வெடி கேட்டதும் எழுந்து பத்தடி தள்ளிப் போகும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து ஆளோடு ஒட்டிப் படுக்கும். அதே ஊரில் வீட்டு வாசலில் கட்டிக் கிடந்த நாய்களோ எச்சில் ஒழுக, சங்கிலியைச் சுற்றிச் சுற்றி வந்து மண்ணைப் பறித்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே வெடிதான். ஒன்றுக்கு விலகிப் போக வழி இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. நான் இனிச் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

அதற்கு முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். சின்ன வயதில் பயப்படாத நாய் ஏழெட்டு வயதில் புதிதாகப் பயப்படுகிறது என்றால், நான் முதலில் கால் மூட்டுகளைத்தான் தொட்டுப் பார்ப்பேன். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பங்கெடுத்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 10 நாய்களுக்கு எலும்பு, தசை வலி இருந்தது, மற்ற 10க்கு இல்லை. வலியுள்ள நாய்களுக்குச் சத்த பயம் சராசரியாக நான்கு வருஷம் பிந்தித் தொடங்கியிருந்தது. திடுக்கிடும்போது உடம்பு விறைக்கிறது, விறைத்தால் வலிக்கும் மூட்டு இன்னும் வலிக்கிறது, அந்த வலி சத்தத்தோடு சேர்ந்து மனதில் பதிகிறது என்பது அவர்கள் கருத்து. சின்ன ஆய்வுதான். ஆனால் நான் மேஜையில் வைத்துப் பார்த்த வயதான நாய்களுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

உங்கள் வீட்டுத் தரை கிரானைட்டா? நம் மாவட்டத்தில் கேட்கவே வேண்டாம், கல் இங்கேயே வெட்டுகிறார்கள், பாதி வீடுகளில் வழவழவென்று அதுதான். வயதான நாய்க்கு அந்தத் தரை ஒரு கஷ்டம். எழும்போது பின்னங்கால் வழுக்கும், இடுப்பு இழுக்கும். படுக்கிற இடத்திலும் நடக்கிற வழியிலும் சாக்கையோ பழைய கோரைப்பாயையோ போட்டுவிடுங்கள். படி ஏறத் தயங்குகிறதா, உட்கார்ந்து எழும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறதா, ஒரே காலை நக்கிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள், காதில் சீழ் இருந்தால் சத்தமே வலிதான். எக்ஸ்ரே தேவைப்பட்டு உள்ளூரில் வசதி இல்லாவிட்டால், சேலம் தாண்டி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓசூர்ப் பக்கத்துக்காரர்கள் பெங்களூரு ஹெப்பால் கல்லூரிக்குப் போகிறார்கள்.

சரி, உடம்பைப் பார்த்தாயிற்று. இனி வீடு. நாய் தானாகவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, கட்டிலுக்கு அடி. அதை மாற்றாதீர்கள், அதையே நல்லதாக்குங்கள். மூன்று பக்கமும் தரை வரை கனமான ஜமுக்காளமோ கம்பளியோ தொங்கவிட்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்து வையுங்கள். அடியில் சாக்கு, அதன்மேல் நீங்கள் உடுத்திக் கழற்றிய ஒரு துணி. பக்கத்தில் தண்ணீர். அறைக் கதவைச் சாத்தி அடைக்க வேண்டாம், போவதும் வருவதும் அதன் இஷ்டமாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும்போது யாரும் இழுக்கக் கூடாது, எட்டிப் பார்த்துக் கொஞ்சக் கூடாது. வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பயந்து ஒளிந்திருக்கும் நாயைக் கை விட்டு இழுத்தால் எவ்வளவு நல்ல நாயும் கடிக்கும். சத்தம் இல்லாத நேரத்தில் அங்கே அவ்வப்போது ஒரு துண்டு கறி போட்டு வையுங்கள். அப்போது அது பயந்தால் மட்டும் போகும் குழியாக இல்லாமல், சந்தோஷமாகப் படுக்கும் இடமாகவும் இருக்கும்.

உங்கள் அறை வீடு கட்டுகிற பக்கம் இருந்தால், அதே ஏற்பாட்டை எதிர்ப்பக்க அறையில் இன்னொன்று செய்து வையுங்கள். சிமென்ட் ஷீட், தகர ஷீட் போட்ட வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: கோடை மழையும் இடியும் உங்கள் கூரையில் பறை அடிக்கிற மாதிரி விழும். ஒளியும் இடம் கூரையிலிருந்து எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு கனமான மூடலோடு இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நெல், ராகி மூட்டை அடுக்கியிருக்கும் மூலை இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. மூட்டை சத்தத்தை வாங்கிக்கொள்ளும்.

குக்கர் விஷயம் பலருக்கு வேடிக்கையாகத் தெரியும், எனக்கு அப்படி இல்லை. மனிதக் காது அதிகம் போனால் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு சுமார் 45,000, பூனைக்கு 60,000க்கும் மேல். டைல்ஸ் அறுக்கும்போது நமக்குக் கேட்பதற்கும் மேலே இன்னும் கீச்சென்ற பகுதி அவற்றுக்குக் கேட்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2021இல் வீட்டுச் சத்தங்களை வைத்தே ஓர் ஆய்வு செய்தார்கள். தொடர்ந்து ஓடும் தாழ்ந்த சத்தத்தைவிட, விட்டு விட்டு வரும் உச்சமான கீச்சு நாய்களைக் கூடுதலாகக் கலவரப்படுத்துகிறது, வீட்டுக்காரர்கள் அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை என்று கண்டார்கள். அவர்கள் ஊரில் அது பேட்டரி தீர்ந்த புகை அலாரம். நம் வீட்டில் குக்கர் விசில், இன்வெர்ட்டரின் பீப். எப்போது வரும் என்று நாய்க்குத் தெரியாது, அதுதான் கொடுமை. அடுப்பைப் பற்றவைக்கும் முன் நாயைப் பின்பக்க அறைக்குக் கூட்டிப் போய்விடுங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள். கொஞ்ச நாளைக்குக் குக்கரை விட்டுவிட்டுப் பாத்திரத்தில் சோறு வடித்தால் இன்னும் நல்லது. அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் கத்தினால் பேட்டரியைக் கவனியுங்கள்.

வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் போய்ப் பேசுங்கள். எந்த நேரத்தில் மெஷின் போடுவார்கள் என்று முந்தின நாளே சொல்லச் சொன்னால், பெரும்பாலான மேஸ்திரிகள் சொல்வார்கள். அந்த நேரத்துக்கு நாயைத் தென்பெண்ணைக் கரைப் பக்கமோ மாந்தோப்புப் பக்கமோ கூட்டிப் போய் மண்ணை மோந்து பார்க்கவிட்டு வரலாம். மோந்து பார்ப்பது நாய்க்குப் பெரிய ஆறுதல். வேகமாக நடத்திக்கொண்டு போக வேண்டியதில்லை, அது நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.

தடவிக் கொடுத்தால் பயம் கூடுமா என்று கேட்டீர்கள். கூடாது. பயம் என்பது நாய் வேண்டுமென்று செய்யும் காரியம் இல்லை, பரிசு கொடுத்ததால் அதை அதிகமாகச் செய்வதற்கு. இடி இடிக்கும்போது பாட்டி மடியில் ஒண்டிக்கொண்ட குழந்தை அதனால் கோழையாகிவிடுவதில்லை. உங்களிடம் வந்து ஒட்டினால் ஒட்டட்டும், நிதானமாக நீவிக் கொடுங்கள். ஒளிய நினைத்தால் ஒளியட்டும். நீங்கள் பதறிக் கத்துவதும், அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வதும்தான் கூடாது. திட்டுவதும் அடிப்பதும் பயத்தோடு உங்களைப் பற்றிய பயத்தையும் சேர்த்துவிடும்.

சிலர் "பழகிவிடும்" என்று சொல்லி நாயை வெடிக்குப் பக்கத்திலேயே நிறுத்திப் பிடித்துக்கொள்வார்கள். இதைக் கண்டாலே எனக்கு மனம் ஆறாது. அது பழகுவதில்லை, இனித் தப்ப முடியாது என்று அடங்கிப்போகிறது. அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பயம் போய்விட்டது என்கிறோம். அதன் கண்மணி விரிந்திருப்பதையும், வாய் ஓரத்தை நக்கிக்கொண்டே இருப்பதையும், வெயில் இல்லாமலே மூச்சிரைப்பதையும், பிடித்த கறியைக்கூடத் தொடாததையும் பார்ப்பதில்லை.

பழக்குவதற்கு வேறு வழி இருக்கிறது, பொறுமை வேண்டும். போனில் வெடிச் சத்தப் பதிவை மிக மிகக் குறைந்த ஒலியில் வையுங்கள். நாய் காதை மட்டும் அசைத்துவிட்டுச் சும்மா இருக்கும் அளவு. சத்தம் வந்த அடுத்த நொடி, உப்பும் வெங்காயமும் சேராத வெந்த கோழி ஈரல் ஒரு சின்னத் துண்டு. சத்தம் முதலில், கறி பிறகு, இந்த வரிசை மாறக் கூடாது. ஐந்து நிமிஷம் போதும், நாளுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ. சில நாளைக்கு ஒருமுறை ஒலியை நூல் அளவு கூட்டுங்கள். தின்பதை நிறுத்தினாலோ எழுந்து போனாலோ நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், பழைய அளவுக்கு இறங்குங்கள். எழுந்து போகும் நாயைத் திரும்ப அழைக்காதீர்கள். போனில் வரும் சத்தத்தில் நிஜ வெடியின் அதிர்வும் வெளிச்சமும் மருந்து வாசனையும் இருக்காது, அதனால் போனுக்குப் பயப்படாத நாய் தீபாவளிக்கும் பயப்படாது என்று நம்பிவிடாதீர்கள். நிஜமான சத்தம் கேட்கும்போதும் இதையே செய்யலாம். தூரத்தில் ஒரு வெடி, உடனே ஒரு துண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஸ்டெஃபனி ரீமர் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்ததில், இப்படி வெடிச் சத்தத்தோடு உடனுக்குடன் தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பலன் கண்டதாகச் சொன்னார்கள். பத்து ரூபாய் ஈரலுக்கு இது நல்ல பலன்.

தூக்க மாத்திரை: நீங்களாகக் கொடுக்கவே கூடாது. வீட்டில் இருக்கும் மனித மாத்திரை எதையுமே கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அசெப்ரோமசின் என்று ஒரு பழைய மருந்து உண்டு. தனியாகக் கொடுத்தால் உடம்பைத் தள்ளாட வைக்கும், பயத்தைக் குறைக்காது. காது கேட்கும், மனம் பதறும், கால் மட்டும் எழாது. நான் சங்கிலியைப் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும். வேலையில் சேர்ந்த புதிதில் நானும் அதைக் கொடுத்திருக்கிறேன், நாய் அமைதியாகிவிட்டது என்று வீட்டுக்காரர்களும் நன்றி சொன்னார்கள். இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இப்போது பயத்தையே குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. டிராசோடோன், காபாபென்டின், அல்பிரசோலம் போன்றவை. எது, எவ்வளவு என்பதை எடை, இதயம், ஈரல் எல்லாம் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இவற்றைச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும், நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பலன் குறைவு. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு ஓர் அமைதியான நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும். தினமும் கொடுக்கும் ஃபுளூஆக்சிடின் போன்ற மருந்து பிடிபடவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தினமும் குக்கருக்கு நடுங்கும் நாய் என்பதால் உங்கள் மருத்துவர் அதையும் யோசிக்கலாம். அதனால்தான் இந்த வாரமே போகச் சொல்கிறேன். மருந்து கொடுப்பதை ஒரு தோல்வியாக நினைக்காதீர்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறோம், இதுவும் உடம்பில் நடப்பதுதான்.

பூனைக்கு வருகிறேன். அது பழிவாங்கவில்லை, பூனைக்கு அந்தக் கணக்கு தெரியாது. மன அழுத்தம் பூனையின் மூத்திரப்பையைப் புண்ணாக்கும். கிருமி இல்லாமலே வீங்கும், எரியும். எரிச்சலோடு மணல் தட்டில் உட்கார்ந்த பூனை, தட்டுதான் வலி தருகிறது என்று நினைத்து மெத்தை மாதிரி மெதுவான இடம் தேடும். அதனால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. உங்களுடையது பெண் பூனை, கொஞ்சம் நிம்மதி. ஆண் பூனை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் அடைப்பு. ஒரு நாள், இரண்டு நாளில் உயிர் போய்விடும், ராத்திரி என்றாலும் மருத்துவரிடம் ஓடுங்கள்.

மணல் தட்டு எங்கே இருக்கிறது? வீடு கட்டுகிற பக்கத்துச் சுவரை ஒட்டியோ, வாஷிங் மெஷின் பக்கத்திலோ இருந்தால் அதற்காகவே பூனை அங்கே போகாமல் இருக்கலாம். அமைதியான மூலைக்கு மாற்றுங்கள், இன்னொரு தட்டும் வையுங்கள். நாய் ஒளிய அடியைத் தேடும், பூனை உயரத்தையும் தேடும். லாஃப்டில் ஒரு ஓரத்தைக் காலி செய்து, பக்கவாட்டில் ஓட்டை வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள், ஏறிப்போக ஒரு வழியும் வேண்டும். நெதர்லாந்தில் 2014இல், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை சீக்கிரம் தெளிந்தன. வெறும் பெட்டிதான். மெத்தையைச் சாதாரண சோப்பில் கழுவினால் வாசனை போகாது, நொதி கலந்த சுத்திகரிப்புத் திரவம் கடையில் கிடைக்கும்.

தீபாவளி அன்று என்ன செய்வது? தமிழ்நாட்டில் பட்டாசுக்கு அரசு ஒதுக்கும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. நடப்பில் அதற்கு முன்னும் பின்னும் வெடிக்கிறது, முந்தின நாளே தொடங்கிவிடுகிறது. அதனால் ஒரு வாரம் முன்பிருந்தே வெளியே போகும்போது கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். நடக்கக் கூட்டிப் போவதை விடியற்காலை நான்கு மணிக்கும் மதியத்துக்கும் மாற்றிவிட்டு, தீபாவளி விடியலில் மட்டும் வெளியே கூட்டிப் போகாதீர்கள், முந்தின இரவே தாமதமாக ஒருமுறை கூட்டிப் போய் வந்துவிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு முன் சோறு போட்டுவிடுங்கள். ஜன்னலைச் சாத்தி, வெளிச்சம் தெரியாமல் திரை இழுத்து, மின்விசிறியை வேகமாக வைத்து, டிவியையும் மிதமாக ஓடவிடுங்கள். நிலையான இரைச்சல் திடீர்ச் சத்தத்தின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும். வாசல் கதவுக்கும் அறைக்கும் நடுவில் இன்னொரு கதவு எப்போதும் சாத்தியிருக்கட்டும். சொந்தக்காரர்கள் பலகாரத் தட்டோடு வந்து போகும்போது திறந்த கதவு வழியாகத்தான் நாய்கள் ஓடுகின்றன. வீட்டில் ஒருவர் அதன் பக்கத்திலேயே இருங்கள். இந்த வருஷம் அது நீங்களாக இருங்கள் தம்பி.

மறுநாள் காலை அது கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து வாலாட்டினாலும், நடக்கக் கூட்டிப் போகும்போது கையில் பிடித்த கயிற்றை அவிழ்த்துவிடாதீர்கள். உடம்பிலிருந்து அந்தப் பதற்றம் முழுதாக இறங்க ஓரிரு நாள் ஆகும், மிச்சம் கிடந்த ஒரு வெடியைப் பிள்ளைகள் கொளுத்தினால் மறுபடியும் ஓடிவிடும். நடக்கும் வழியில் வெடிக்காத பட்டாசும் மருந்துத் தூளும் கிடக்கும், மோந்து பார்க்கவோ நக்கவோ விடாதீர்கள். இந்த வாரம் மருத்துவரிடம் போகும்போது, அது படி ஏறுவதையும் குக்கர் விசிலுக்கு என்ன செய்கிறது என்பதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனை மேஜையில் நாய் வேறு மாதிரி நடந்துகொள்ளும், வீட்டில் அது எப்படி இருக்கிறது என்று எங்களுக்கு அந்த வீடியோவில்தான் தெரியும்.